இரும்பில் தட்டிய குருவி

"எல்லாரும் வெளிய ஓடுங்க! யாரோ இரும்புல தட்டுறாக!"

அம்மாவின் குரல். நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாயில் நுரையோடு ஓடினேன். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. பட்டாசு ஊரான தாயில்பட்டியில் பிறந்தவன் இந்த மாதிரிக் குரல் கேட்டால் முதலில் ஓடுவான், கேள்வியெல்லாம் பிறகுதான்.

நாங்கள் தங்கியிருந்த கடற்கரை வீட்டின் ஸ்டெல்லா அக்கா கையில் தோசைக் கரண்டியோடு வந்தார். அவருடைய மாமனார், எழுபதைத் தாண்டியவர், அவிழ்ந்த லுங்கியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வந்தார். எல்லாரையும் தள்ளிக்கொண்டு, போகிற போக்கில் கேஸ் அடுப்பையும் அணைத்துவிட்டுக் கடைசியாக அம்மா வந்தாள். நான்கு பேரும் செருப்பில்லாமல் மார்கழிக் குளிர் ஏறிய மணலில் நின்றோம். எதிரே கடல் பேசாமல் கிடந்தது.

"என்ன அத்தை, சுனாமியா? நாங்க ஒண்ணுன்னா கடலை விட்டு ஓடுற ஆளுங்க. நீங்க கடலைப் பாத்து ஓட வைக்கீக!" என்றார் ஸ்டெல்லா அக்கா.

"இரும்பு தாயி. இரும்புல இரும்பு தட்டுது. கேக்கலியா?"

கேட்டது. டுக்… டுக்… டுக்… டுக்… ஒரே தாளம், ஒரே இடைவெளி. யாரோ சின்னச் சுத்தியலால் கம்பியைத் தட்டுகிற மாதிரி. ஒரு நேரம் வீட்டுக்குப் பின்னாலிருந்து வந்தது, ஒரு நேரம் பக்கத்திலிருந்து.

நான் மெதுவாகப் பின்பக்கத் தோட்டத்துக்குப் போனேன். அத்திமரத்தின் உச்சியில், இலை இல்லாத ஒரு குச்சியில், என் கைப்பிடிக்குள் அடங்குகிற ஒரு பறவை. பச்சை உடம்பு, நெற்றியில் சிவப்புப் பொட்டு. ஒவ்வொரு 'டுக்'குக்கும் தொண்டை உப்பி அடங்கியது. தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பித் தட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா, குருவிம்மா!"

"குருவி எங்கனயாவது பட்டறை வைக்குமால?"

"வந்து பாரு."

வந்து பார்த்தாள். பின்னாலேயே வந்த பெரியவர் அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒரு குருவிக்கா என்னை இந்த ஓட்டம் ஓடவிட்டீக?" சொன்ன வேகத்தில் லுங்கியைப் பிடித்திருந்த கையை ஆட்டிவிட்டார். லுங்கி காலடியில் விழுந்தது.

ஸ்டெல்லா அக்கா தோசைக் கரண்டியால் முகத்தை மறைத்துக்கொண்டார். அம்மா சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, அத்திமரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆடி மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இரும்பு ஆகாது

வெளியூர் வாசகர்களுக்கு இதைச் சொன்னால்தான் விளங்கும்.

எங்கள் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில், வெடிமருந்து இருக்கிற இடத்தில் இரும்பு ஆகாது. இரும்பில் இரும்பு உரசினால் பொறி வரும், பொறி வந்தால் அவ்வளவுதான். அதனால் அங்கே மரக்கட்டையும் பித்தளையும்தான். செருப்பு ஆகாது. நைலான் சேலை ஆகாது. எதையும் தரையில் இழுக்கக்கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும். அறைக்குள் போகுமுன் வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போக வேண்டும். உடம்பில் இருக்கிற மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும் என்று கணக்கு.

அம்மா, பெயர் பேச்சியம்மாள், எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து திரி சொருகும் வேலைக்குத்தான் போனாள். அந்தக் கூலியில்தான் நான் பள்ளிக்கூடம் போனேன், பிறகு கல்லூரியும். எங்கள் வீட்டில் அதற்கு முன்னால் யாரும் போகாத வழி அது. அம்மாவுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்ததே நான்தான். கம்பெனிப் பழக்கத்தில், வீட்டிலும் சமையலறைக்குள் போகுமுன் அவள் கை தானாகக் குழாயைத் தொட்டுவிட்டுத்தான் போகும். இந்தக் கடற்கரை வீட்டிலும் அப்படித்தான். "குழாய்ல சாமி இருக்கா அத்தை?" என்று ஸ்டெல்லா அக்கா கேலி செய்வார்.

ஆடியில் நடந்ததை இந்தத் தொடரின் முந்தைய வாரங்களில் எழுதிவிட்டேன். அடுத்த அறையில் வெடித்தது. அம்மா பிழைத்தாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. பார்த்தவர்கள் எல்லாரும் "குலசாமி காப்பாத்திருச்சு" என்றார்கள்.

அதற்குப் பிறகு குக்கர் விசில் அடித்தால் அம்மா தெருவில் இருப்பாள். கதவு காற்றில் அறைந்தால் தெருவில் இருப்பாள். சாயங்காலம் ஏதாவது கம்பெனியில் சாம்பிள் வெடித்துப் பார்ப்பார்கள். அந்தச் சத்தம் கேட்டால் ஊர் எல்லை வரைக்கும் போய்விடுவாள். அப்பாதான் போய்க் கூட்டிவருவார். லாரி செட்டில் சுமை தூக்கும் மனிதர். மூட்டையை இறக்கிப் போட்டுவிட்டு அப்படியே ஓடுவார். திரும்பி வரும்போது அம்மா தலையைக் குனிந்துகொண்டே வருவாள். பயத்தைவிட அந்தக் கூச்சம்தான் அவளைத் தின்றது.

வெடி இல்லாத கல்யாணமா

இந்த நேரத்தில் தங்கச்சி முத்துமாரிக்கு வரன் அமைந்தது. விஸ்வநத்தத்துப் பையன், ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். நல்ல குடும்பம். தை மாதம் முகூர்த்தம்.

பூ வைக்க வந்த அன்று பையனின் அப்பா உற்சாகமாகச் சொன்னார்: "மாப்பிள்ளை அழைப்புக்கு ஒரு தடவை, தாலி கட்டும்போது ஒரு தடவை. எங்க கம்பெனி சரக்கு எங்க கல்யாணத்துல வெடிக்கலேன்னா எப்படி? மொதலாளியே அனுப்புறேன்னுட்டாரு."

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என் கையை அழுத்தினாள். "ஆகட்டும் சம்பந்தி. நல்லா ஜாம்ஜாம்னு செய்ங்க."

அவர்கள் போன பிறகு அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்: "நான் மண்டபத்துக்கு வரலை. நீங்க முடிச்சுட்டு வாங்க. புள்ள கல்யாணத்துல மேடையிலேர்ந்து எந்திரிச்சு ஓடிட்டா, அவளுக்கு ஆயுசுக்கும் பேச்சு."

முத்துமாரி அழுதாள். "நீ இல்லாம நான் தாலியே கட்டிக்கிட மாட்டேன்." அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, மறுபடி போட்டுக்கொண்டார். அதை அன்றைக்கு எத்தனையோ தடவை செய்தார்.

எனக்குத் தோன்றியது ஒரே யோசனை. கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த சேவியரின் ஊர் கடற்கரையில் இருக்கிறது. அங்கே அவன் அக்கா ஸ்டெல்லாவின் வீடு. அவர் கணவர் கப்பல் வேலையில் இருக்கிறார். வீட்டைச் சுற்றித் தோட்டம், வாசலைத் தாண்டினால் கடல். கம்பெனி கிடையாது, சாம்பிள் வெடி கிடையாது. தை பிறக்கும் வரை அம்மா அங்கே இருந்தால் மனசு கொஞ்சம் அடங்கும் என்று நினைத்தேன். ஸ்டெல்லா அக்காவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். "பொழுதுக்கும் பேசாம இருக்கச் சொல்லாத, அது மட்டும் என்னால முடியாது. மத்தபடி வாங்க" என்றார்.

சிவப்பு நகர்ந்த ஷீட்

எனக்குச் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் வேலை. புரூஃப் பார்ப்பேன். மார்கழியில் காலண்டர் சீசன் முடிந்துவிடும். லீவு கேட்டால் முகம் சுளிக்க மாட்டார்கள்.

அந்த வருடம் ஒரு வாடிக்கையாளர் பறவைப் படம் போட்டு ஆர்டர் கொடுத்திருந்தார். ஒவ்வொரு படத்துக்கும் கீழே பறவையின் பெயர். பெயர்களைச் சரிபார்த்தவன் நான். அதில் வீணாகிப்போன ஒரு ஷீட்டை மடித்துப் பைக்குள் வைத்திருந்தேன். வீணாகக் காரணம், நாலு கலரில் சிவப்பு மட்டும் கொஞ்சம் தள்ளி விழுந்துவிட்டது. ஒரு கலர் மேல் இன்னொரு கலர் சரியாக உட்காருவதை எங்கள் தொழிலில் 'ரெஜிஸ்டர்' என்போம். அது தவறினால் ஷீட் குப்பைக்குத்தான்.

குருவி எங்களை ஓடவிட்ட அன்று அந்த ஷீட்டை விரித்தேன். இருந்தது. குக்குறுவான். ஆனால் நெற்றிச் சிவப்பு, நெற்றியில் இல்லாமல் தலைக்கு மேலே காற்றில் மிதந்தது.

அம்மா ஷீட்டைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள். "நெசக் குருவில ரெஜிஸ்டரு சரியா இருக்குல."

இதே பறவை எங்கள் ஊர்ப் பக்கமும் உண்டு என்று பிறகு தெரிந்துகொண்டேன். கேட்டிருப்போம். காதில் ஏறியிருக்காது. கம்பெனி வேன் விடியும்போதே வந்து நிற்கிற ஊரில் அத்திமரத்து உச்சியை யார் பார்க்கிறார்கள்? ஆனைக்குட்டம் அணையில் தண்ணீர் வற்றிச் சேறு தெரியும்போதுகூட நாங்கள் பார்த்தது மீன் பிடிக்கிற ஆட்களைத்தான். சேற்றில் என்ன நடக்கிறது என்று பார்த்ததில்லை.

மறுநாளிலிருந்து ஷீட்டும் கையுமாக இருவரும் கடற்கரைக்குப் போனோம். தண்ணீர் வடிந்த பிறகு ஒரு பெரிய சேற்றுத் திட்டு வெளியே வரும். அதில் பறவைகள் இறங்கும்.

அம்மாவுக்கு ஷீட்டில் இருந்த பெயர்கள் பிடிக்கவில்லை. தானே வைத்தாள். உப்புக்கொத்தி விறுவிறுவென்று நாலு எட்டு ஓடும், சட்டென்று நிற்கும், கழுத்தை நிமிர்த்திச் சுற்றுமுற்றும் பார்க்கும், பிறகு மறுபடி ஓடும். "இது சூப்பர்வைசர்" என்றாள். கொசு உள்ளான்கள் கூட்டமாக, தலையே தூக்காமல், தையல் மிஷின் ஊசி மாதிரிச் சேற்றைக் குத்திக்கொண்டே நகரும். "இதுக பீஸ் ரேட்டு. தலையைத் தூக்குனா கூலி போயிரும்." தூரத்தில் வெள்ளை வெளேரென்று, ஒரு வேலையும் செய்யாமல் நின்ற கொக்கைப் பார்த்துவிட்டு, "மொதலாளி வந்துட்டாரு, பேசாம இரு" என்று என் தொடையில் தட்டினாள்.

செருப்பில்லாமல் சத்தம் காட்டாமல் நடந்து பழகிய கால் அவளுக்கு. எதையும் இழுக்க மாட்டாள். நான் போனால் எழுந்து பறக்கிற பறவை, அவள் போனால் இரண்டு எட்டு நகர்ந்து கொடுத்துவிட்டு மேய்ச்சலைத் தொடரும். "ஒன்னைய எவன்ல வேலைக்குச் சேப்பான், யானை மாதிரி வாற" என்பாள்.

தோட்டத்தில் தேன்சிட்டு, தவிட்டுக்குருவி. கடற்கரையில் இந்தக் கம்பெனி. நாட்கள் நன்றாகவே போயின. ஆனால் அப்பா போனில் "என்னல, மண்டபத்துக்கு வாறேங்காளா?" என்று கேட்டால் நான் பேச்சை மாற்றிவிடுவேன். குக்கர் விசிலுக்கு அவள் இன்னமும் வாசலுக்குத்தான் ஓடினாள்.

சேவியரின் புதுப் படகு

மீன்பிடிக்கப் போயிருந்த சேவியர் கடலிலிருந்து திரும்பி வந்தான். மறுநாள் அவனுடைய புது ஃபைபர் படகைக் கடலில் இறக்கினார்கள். பாதிரியார் வந்து ஜெபம் சொல்லி, தண்ணீர் தெளித்தார். படகில் மாலை. ஊரே கரையில் நின்றது. அம்மாவும் ஒரு பழைய வள்ளத்தின் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சேவியர் என்னிடம் வந்து முகமெல்லாம் சிரிப்பாக ஒரு பெட்டியைக் காட்டினான். "உங்க ஊரு சரக்கு! தூத்துக்குடியில தேடிப் பிடிச்சு வாங்கினேன். தாயில்பட்டிக்காரங்க வந்திருக்கையில வெடி இல்லாம படகு இறக்கினா நல்லாவா இருக்கும்?"

அணுகுண்டு வெடிகள்.

ஸ்டெல்லா அக்கா அவனிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. முதல் நாள் ராத்திரிதான் வந்தவன் அவன். நான் "வேண்டாம்டா" என்று சொல்லி முடிப்பதற்குள், அந்தப் பக்கம் நின்ற யாரோ முதல் திரியைப் பற்றவைத்துவிட்டார்கள்.

வெடித்தது. நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா நின்ற இடத்தில் இல்லை. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். இரண்டாவது வெடித்தது. மூன்றாவது.

வள்ளத்தின் மறுபக்கம் மணலில் குப்புறப் படுத்திருந்தாள். இரண்டு கையும் காதில். நான் அவள்மேல் கவிழ்ந்து மறைத்துக்கொண்டேன். முதுகு நடுங்குவது என் நெஞ்சில் தெரிந்தது.

"முடிஞ்சிருச்சும்மா. எந்திரி, வீட்டுக்குப் போயிருவோம்."

எழுந்திருக்கவில்லை. அவள் கண் வள்ளத்தின் அடியில் இருந்த இடைவெளி வழியே எங்கேயோ நிலைத்திருந்தது.

"ஏலே… அங்கன பாரு."

சேற்றுத்திட்டு வெறுமையாக இருந்தது. அத்தனை பறவையும் வானத்தில். கடலுக்கு மேல் போய், மொத்தக் கூட்டமும் ஒரே வளைவாகத் திரும்பியது. வயிறுகள் வெள்ளையாக மின்னி மறைந்தன. அப்படியே ஒரு சுற்றுச் சுற்றி வந்து, எழும்பின அதே சேற்றில் இறங்கியது. இறங்கிய மறு நொடி தலையைக் குனிந்து மேய ஆரம்பித்துவிட்டது.

இன்னொரு வெடி. மறுபடி எழும்பின. மறுபடி ஒரு சுற்று. மறுபடி அதே இடம். அடுத்ததற்கு, கரைப்பக்கம் நின்ற சில உப்புக்கொத்திகள் எழும்பவே இல்லை. தலையை மட்டும் தூக்கிப் பார்த்தன.

அம்மா காதிலிருந்து கையை எடுத்தாள். எழுந்து உட்கார்ந்து முகத்து மணலைத் தட்டினாள்.

"எல்லாரும் என்ட்ட ஓடாத ஓடாதன்னே சொன்னீகள்ல. இதுக ஓடத்தான் செய்யுதுக. ஓடிட்டு வந்துருதுக."

பிறகு தனக்குள் பேசுகிற மாதிரிச் சொன்னாள்: "நான் ஊர் எல்லை வரைக்கும் போயிறேன். இம்புட்டுத்தான் போகணும் போல."

சாம்பாருக்கு மூணு சுத்து

அன்று மதியம் குக்கர் விசில் அடித்தது. அம்மா எழுந்தாள். வாசலுக்கு ஓடவில்லை. வேகமாக வீட்டைச் சுற்றி ஒரு சுற்று நடந்தாள். அத்திமரம், முருங்கை, கிணறு, முன்வாசல். வந்து உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து கீரையைக் கிள்ள ஆரம்பித்தாள். மூச்சு வாங்கியது. முகம் வெளுத்திருந்தது. ஆனால் வந்துவிட்டாள்.

ஸ்டெல்லா அக்கா என்னைப் பார்த்தார். நான் பேசாமல் இருக்கும்படி சைகை காட்டினேன். அவரால் முடியுமா?

"அத்தை, சாம்பாருக்கு மூணு விசிலு. மூணு சுத்தா?"

"ஒன் சாம்பாருக்காக நான் கோயிலச் சுத்துன மாதிரி சுத்தணுமாக்கும். ஒரே விசில்ல வேகுற பருப்பா வாங்குடி."

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் இது நடந்தது. கதவு அறைந்தால் ஒரு சுற்று. பெரியவர் தும்மினால்கூட ஒரு சுற்று. அவர் தும்மலும் அப்படிப்பட்டதுதான். நாளாக ஆகச் சுற்றின் வேகம் குறைந்தது. ஊருக்குக் கிளம்பும் முன்னால் ஒரு நாள், விசில் அடித்தபோது அவள் எழுந்திருக்கவில்லை. உப்புக்கொத்தி மாதிரி தலையை மட்டும் நிமிர்த்தினாள். ஸ்டெல்லா அக்கா அடுப்படியிலிருந்தே குலவை போட்டார்.

அன்று அப்பா போன் செய்தபோது போனை அம்மாவிடம் கொடுத்தேன்.

"வாறேன். ஆனா நடுவுல எந்திரிச்சு நடப்பேன். யாரும் என்னையப் பிடிச்சு உக்கார வைக்கக்கூடாது. சம்பந்திட்ட சொல்லிருங்க."

அந்தப் பக்கம் அப்பா துண்டை உதறியிருப்பார்.

மண்டபம்

முகூர்த்தத்துக்கு முன்னால் சம்பந்தி அம்மாவிடம் வந்தார். விஷயம் தெரிந்து அவர் முகம் வாடியிருந்தது. "தெரியாமப் பேசிட்டேன் தாயி. வெடியை நிப்பாட்டச் சொல்லிருதேன்."

"வேண்டாம் சம்பந்தி. எப்பப் போடுவீகளோ அப்பப் போடுங்க. மேடையச் சுத்தி நான் நடக்க மட்டும் கொஞ்சம் எடம் விடச் சொல்லுங்க."

மாப்பிள்ளை அழைப்புக்கு வெடித்தபோது மண்டபத்தைச் சுற்றி ஒரு சுற்று நடந்து வந்தாள். சரியாகவே வந்தாள். ஆனால் பெரியது தாலி கட்டும்போதுதான். ஒருமுறை பற்றவைத்தால் ஒன்றன் பின் ஒன்றாகத் தானே மேலே போய் வெடிக்கிற ஷாட் பெட்டிகளை வாசலில் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். இடையில் நிறுத்த முடியாது.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

மேளம் உயர்ந்தது. வாசலில் முதல் ஷாட் போனது. மண்டபத்துக் கண்ணாடி அதிர்ந்தது. முத்துமாரி மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தாள்.

அம்மா கிளம்பினாள். இரண்டு கையையும் நெஞ்சோடு கோத்துக்கொண்டு மணவறையைச் சுற்றி நடந்தாள். உதடு எதையோ முணுமுணுத்தது. அதைப் பார்த்த மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் இது பெண் வீட்டு வழக்கம் என்று நினைத்துவிட்டார்கள் போல. ஒரு பெரியம்மா அட்சதைத் தட்டோடு அவள் பின்னாலேயே நடந்தார். அவர் பின்னால் இன்னும் இரண்டு பேர். அவர்கள் பின்னால் குத்துவிளக்கோடு ஒருத்தி. பார்க்கப் பார்க்க ஒரு ஊர்வலமே ஆகிவிட்டது. போட்டோகிராபர் மேடையில் தாவி ஏறி, "அம்மா, இந்தப் பக்கம் லைட்டு பத்தலை. இன்னொரு சுத்து வாங்க" என்றார்.

"போடா, ஒரு சுத்துத்தான்" என்றாள் அம்மா.

வெளியே ஷாட் இன்னும் முடியவில்லை. அம்மா வந்துவிட்டாள். மகளுக்குப் பின்னால் தன் இடத்தில் வந்து நின்றாள். மாப்பிள்ளை முடிச்சுப் போட்டபோது முத்துமாரியின் பின்னலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது அம்மாவின் கைதான். ஒவ்வொரு வெடிக்கும் அவள் தோள் துள்ளியது. கால் நகரவில்லை. எதிரே நின்ற அப்பா அட்சதை போடவே மறந்து, துண்டில் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் கையில் இருந்த அட்சதையை முத்துமாரி மேல் பாதியும் அம்மா மேல் பாதியும் போட்டேன்.

மறுநாள் காலை

வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள் படுத்திருந்தார்கள். அம்மா அடுப்படியில் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் நிற்கிற ஆலமரத்திலிருந்து சத்தம் வந்தது.

டுக்… டுக்… டுக்… டுக்…

அம்மாவோடு திரி சொருகிய வேலுத்தாய் சித்தி, இன்னமும் வேலைக்குப் போகிறவள், பாயிலிருந்து துள்ளி எழுந்தாள். "ஏட்டி, யாரோ இரும்புல தட்டுறாக! எந்திரிங்க, எந்திரிங்க!" சேலையை அள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். படுத்திருந்த பாதிப் பேர் பின்னாலேயே ஓடினார்கள்.

அம்மா டம்ளரில் காப்பியை ஆற்றிக்கொண்டே சன்னல் வழியாகக் குரல் கொடுத்தாள்.

"ஓடு வேலுத்தாயி, ஓடு. ஒரு சுத்து சுத்திட்டு, காப்பி ஆறுறதுக்குள்ள வந்துரு."